வலம் இடம் மாறியது

1

இந்தக் கதை ஒரு பிழைதிருத்தத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் நீங்களாகக் கண்டுபிடித்து, "இதெல்லாம் நீயா யோசித்தாய்?" என்று கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

போன வருஷம் என் அண்ணியின் வீட்டுக்கு ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது கம்பீரமானது. மேலே சின்னம், கீழே பேராசிரியரின் கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. ஏழு மாதம் கழித்து வந்த இரண்டாவது கோடு போட்ட சாதாரணத் தாளில் கையால் எழுதியது. அதை அப்படியே கீழே தருகிறேன். இந்தக் கதையில் நான் கைவைக்காத பகுதி இது ஒன்றுதான்.

"அம்மா, முன்பு உங்களுக்கு அனுப்பிய படத்தில் வலது, இடது என்று குறித்திருந்தது தலைகீழாகிவிட்டது. மங்கலாகத் தெரிவதுதான் இடப்பக்கம். பதினேழாம் கண்ணாடிக்கு நேராக நான் குறிப்பேட்டில் 'வலம் இடம் மாறியது' என்று எழுதியிருந்தேன். வலப்பக்கத் துண்டை வழக்கமான இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வைத்தேன் என்று பொருள். வலமும் இடமும் ஒன்றுக்கொன்று மாறிவிட்டன என்று அது படிக்கப்பட்டுவிட்டது. படித்தவர் மேல் தவறில்லை. எழுதிய விதம்தான் தவறு. சரியான படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரைத் தப்பாகச் சொல்லிவிட்டோம். மன்னியுங்கள். இப்படிக்கு, குறிப்பேட்டில் எழுதியவர்."

பெயர் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் இவ்வளவு சுத்தமாக மன்னிப்புக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் மன்னிப்பு என்றால், "சரி சரி, காபி ஆறிடப்போகுது, குடி" என்பதுதான். அதனால் இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். பெயர் தெரியாதவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி, அவரை வைத்து ஒரு கதை எழுதுவது. வேறு பிழைப்பு எனக்குத் தெரியாது.

2

முதலில் என் அண்ணன்.

அண்ணனை ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரனாக எழுதிப் பார்த்தேன். நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் வகிடு பக்கம் மாறிவிடும், வலது இடதாகிவிடும், கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு பக்கம் எழுதிய பிறகு அண்ணன் என்னை முறைப்பது போலிருந்தது. அடித்துவிட்டேன். என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்த அழகான ஒப்புமைக்கும் அவன் வளைந்துகொடுக்க மாட்டான். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

அவனுடைய வலது கை ஐம்பத்திரண்டாவது வயதில் நடுங்கத் தொடங்கியது. திருப்புளியைத் திருகாணியின் பள்ளத்தில் வைக்க முடியவில்லை. யாராவது எதிரே வந்தால் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வான். "என்னப்பா, உங்க அண்ணனுக்குத் திமிர் ஏறிப்போச்சு, கைகூடக் குடுக்க மாட்டேங்கறான்" என்று என்னிடம் நிறையப் பேர் குறைப்பட்டார்கள். நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னதும் அண்ணிதான் அந்தக் கையைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒன்பது வருஷம். இடது கை மட்டும் கடைசி வருஷம்வரை சமர்த்தாக இருந்தது.

இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குக் கொடுப்பது என்பது அவனுடைய யோசனை. அண்ணிக்கு அரை மனசு. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். படிவம் கொண்டுவந்த பெண்ணிடம் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். "படம் எடுப்பீங்கன்னு சொல்றீங்க. எடுத்தா வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பிடணும். எடுத்துட்டு மட்டும் போகக் கூடாது." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே படிவத்தின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டாள்.

அந்தக் குறிப்பின் புண்ணியத்தில்தான் முதல் கடிதத்தோடு ஒரு படமும் வந்தது. கறுப்புப் பின்னணியில் இரண்டு திட்டுகள். ஒன்று மஞ்சளும் சிவப்புமாகப் பளிச்சென்று, மற்றது அவிந்த கரி மாதிரி. டோபமின் என்ற வேதிப்பொருள் எங்கே எவ்வளவு இருந்தது என்பதன் படம் அது. "வலப்பக்க மூளையில் பெரிதும் குறைந்திருக்கிறது" என்று கீழே எழுதியிருந்தது. அண்ணி அன்று மாலையே கடைக்குப் போய் அதற்குச் சட்டம் போட்டு, கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டிவிட்டாள்.

நான் அதைப் பார்த்து உறைந்துபோனேன். இந்த நோய்க்காரரோடு இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் மனப்பாடம்: வலப்பக்க மூளை இடது கையை ஆட்டுவிக்கும், இடப்பக்க மூளை வலது கையை. வலப்பக்கம் இருண்டிருந்தால் நடுங்கியிருக்க வேண்டியது இடது கை. என் அண்ணனுக்கு நடுங்கியது வலது.

அப்படியானால் சுவரில் இருந்தது யார்?

பெட்டி மாறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு யாருடைய மூளையோ எங்கள் கூடத்தில் தொங்குகிறது, என் அண்ணன் எங்கேயோ கேட்பாரற்றுக் கிடக்கிறான், சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வது? ஏழு மாதம் அந்த வீட்டுக்குப் போனேன், வந்தேன், படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை. கதை எழுதுகிறவளுக்கு வாய் அடைத்துப்போவதைவிட வேறென்ன தண்டனை வேண்டும்?

3

இப்போது குறிப்பேட்டில் எழுதியவர். இவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. பெண் என்று வைத்துக்கொண்டேன். கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்து வயது ஐம்பது என்று வைத்துக்கொண்டேன்.*

(* கையெழுத்தில் வயது தெரியாது. எனக்கு ஐம்பது. அவ்வளவுதான் விஷயம்.)

முதல் தொடக்கம்: "குளிர்ப்பெட்டிக்குள் மைனஸ் இருபது டிகிரி. வெளியே அவளுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது." அடித்துவிட்டேன். அந்த மாதிரி அறைகளில் ஏசி ஓடும், யாருக்கும் வியர்க்காது.

இரண்டாவது: "மனித மூளை ஒரு பெருங்கடல். அதில்" [இதை முடிக்கவே கூச்சமாக இருந்தது.]

மூன்றாவது: "அவளுக்கு மூளைகளைத் தெரியும், மனிதர்களைத் தெரியாது." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெறும் பொய். மனிதர்களைத் தெரியாதவளா அந்தக் கடிதத்தை எழுதியிருப்பாள்?

நான்காவது தொடக்கம் தாக்குப்பிடித்தது:

சீவல் அக்காவின் கையில் இருந்த கருவிகளிலேயே முக்கியமானது அவளுடைய கட்டைவிரல். உறைந்த மூளையைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, தலைமுடியின் தடிப்பில் ஆறில் ஒரு பங்குக்குச் சீவி எடுப்பது கத்தியின் வேலை. அந்தச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்ட வைப்பதற்குப் பசை கிடையாது. பசை போட்டால் அதுவும் படத்தில் வந்து நிற்கும். சீவலைக் கண்ணாடியின் மேல் விட்டு, அடிப்பக்கம் கட்டைவிரலை வைத்துக்கொள்ள வேண்டும். விரலின் சூட்டில் சீவல் லேசாக இளகி, சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். மூன்று விநாடி போதும். கூடினால் வேதிப்பொருள்கள் கசிந்து இடம் பெயர்ந்துவிடும், குறைந்தால் உரிந்து வந்துவிடும். அந்தக் கூடத்தில் அந்த மூன்று விநாடியைக் கட்டைவிரலில் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் சீவல் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த கணினிக்காரருக்கும் அக்காதான்.

[இதை எழுதியபோது ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டேன். என் அண்ணனைக் கடைசியாகத் தொட்டது ஒரு கட்டைவிரல். அதில் சூடு இருந்திருக்கிறது. இது எனக்கு அதுவரை தோன்றவில்லை.]

அதற்குப் பிறகு நடப்பது இயந்திரத்தின் வேலை. சீவலின் மேல் ஒரு மருந்தைப் பனி மாதிரி தூவுவார்கள். லேசர் ஒளி ஒவ்வொரு புள்ளியாகக் குத்திக்கொண்டே போகும். குத்திய இடத்திலிருந்து கிளம்பும் மூலக்கூறுகளை இயந்திரம் எடை போடும். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஓர் எடை. டோபமினின் எடையை மட்டும் தேடி, அது எந்தப் புள்ளியில் நிறைய, எந்தப் புள்ளியில் கொஞ்சம் என்று நிறம் கொடுத்தால் படம் வந்துவிடும். தராசும் காமிராவும் ஒன்றாகப் பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். (இந்த ஒப்புமையை ஒரு வேதியியல் ஆசிரியையிடம் காட்டினேன். "தப்பில்ல" என்றார். ஆசிரியர்களிடமிருந்து அதுவே அதிகம்.)

4

பிழை நடந்த நாள்.

ஒரு கண்ணாடித் தகட்டில் மூன்று இடங்கள். முதல் இடத்தில் இடப்பக்க மூளையின் சீவல், இரண்டாவது இடத்தில் வலப்பக்கச் சீவல், மூன்றாவது இடம் சோதனைக்காகக் காலி. சீவல் அக்கா பதினோரு வருஷமாக இந்த வரிசையை மாற்றியதில்லை. அன்று பதினேழாம் கண்ணாடியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் இரண்டாவது இடத்தில் ஒரு கீறல். கண்ணாடியின் மேல் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு இருக்க வேண்டும். கீறல் விழுந்த இடத்தில் படம் விழாது. வேறு கண்ணாடி எடுக்கலாம் என்றால் சீவல் ஏற்கெனவே கத்தியின் மேல் காத்திருந்தது. அவள் வலப்பக்கச் சீவலை மூன்றாவது இடத்தில் ஒட்டினாள். கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்த விரல்களால் குறிப்பேட்டில் எழுதினாள்: வலம் இடம் மாறியது.

இலக்கணப்படி குற்றமே இல்லாத வாக்கியம். வலம் என்பது தன் இடத்தை விட்டு மாறியது. ஒரு காற்புள்ளி போட்டிருக்கலாம். "மூன்றாவது இடத்துக்கு" என்று எழுதியிருக்கலாம். விரல் விறைத்திருக்கும்போது யாருக்கு இலக்கணம் ஓடும்? நம் மொழியில் இடம் என்றால் இடம். இடம் என்றால் இடப்பக்கமும்தான். இடம் பொருள் ஏவல் பார்த்துப் பேசு என்பார்கள். இங்கே இடத்துக்கே பொருள் இரண்டாகிவிட்டது.

கணினிக்காரரின் பட்டப்பெயர் புள்ளியார். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அவர் கைவழியாகத்தான் வந்தாக வேண்டும். நாலு நாள் கழித்து அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். வலம் இடம் மாறியது. அதாவது வலமும் இடமும் மாறிவிட்டன. "சீவல் அக்காவுக்கே அடி சறுக்கிடுச்சு, பாவம்" என்று எண்ணிக்கொண்டு, கணினியில் இரண்டின் பெயரையும் மாற்றிப் போட்டார். அவளைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாமே என்ற நல்ல மனசு. அந்த நல்ல மனசில்தான் என் அண்ணனின் வலது இடதானது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

டோபமினுக்காக என் அண்ணனிடமிருந்து எடுத்த கண்ணாடி அந்தப் பதினேழு ஒன்றுதான். மற்றவை வேறு வேதிப்பொருள்களுக்குப் போய்விட்டன. அதனால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

5

அந்த ஆய்வில் மொத்தம் பதினோரு பேர். என் அண்ணன் ஒன்பதாவது. பத்துப் பேரில் எந்தக் கை நடுங்கியதோ அதற்கு எதிர்ப்பக்க மூளை இருண்டிருந்தது. ஒன்பதாவது ஆளிடம் மட்டும் அதே பக்கம். பேராசிரியருக்கு அவன்மேல் பிரியம் வந்துவிட்டது. எந்தப் பேராசிரியருக்கும் ஒழுங்காக நடக்கிற பத்துப் பேரைவிட அடங்காத ஒருவனைத்தான் பிடிக்கும். அடுத்த வாரம் ஒரு பெரிய கூட்டத்தில் அவர் பேச வேண்டிய பேச்சே ஒன்பதாவது ஆளைப் பற்றியதாக மாறியது.

அந்தப் பேச்சின் ஒத்திகை நடந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சீவல் அக்கா கடைசி வரிசையில், கையில் காபியோடு. இப்படிப்பட்ட பேச்சுகளில் அவளுக்கு ஒரு சின்ன ஆசை உண்டு. கடைசியில் நன்றி என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் அவள் பெயரும் வரும். அதைப் பார்த்துவிட்டு எழுந்து போவாள்.

படம் திரையில் விழுந்தது. "ஒன்பதாவது நபர்: விதிவிலக்கு."

அவள் நிறங்களைப் பார்க்கவில்லை. இரண்டு திட்டுகளுக்கும் நடுவே இருந்த கறுப்பு இடைவெளியைப் பார்த்தாள். அவ்வளவு இடைவெளி அவள் எப்போதும் விடமாட்டாள். அது கீறல் விழுந்த இரண்டாவது இடம். அதற்கு அப்பால் மூன்றாவது இடத்தில் இருப்பது வலப்பக்கம், அவள் கட்டைவிரலால் ஒட்டியது. அது பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் தலைமேல் "இடது" என்று எழுதியிருந்தது.

காபியைக் கீழே வைத்தாள். பேராசிரியர் நன்றிப் பட்டியலைக் காட்டியபோது அவள் அதைப் பார்க்கவில்லை.

6

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நியாயமாக அவள் பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

அவள் வேலை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படுகிற வேலை என்று வைத்துக்கொண்டேன். புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போடுவது அதே பேராசிரியர், அதே மாதத்தில். பேச்சுக்கு ஆறு நாள் இருக்கும்போது போய், "மேடம், உங்கள் விதிவிலக்கு என் விறைத்த விரல்" என்று எவள் சொல்வாள்?

முதலில் அவள் புள்ளியாரிடம்தான் போனாள். பதினேழில் ஏன் பெயரை மாற்றினீர்கள் என்று கேட்டாள். அவர் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். இருவரும் அந்த மூன்று சொற்களையும் மாறி மாறிப் படித்தார்கள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் குறிப்பேட்டை மூடி வைத்தாள்.

"விடுங்கக்கா," என்றார் புள்ளியார், கதவைப் பார்த்துக்கொண்டே. "பதினொரு பேர்ல ஒருத்தர். விதிவிலக்குன்னு சொல்லியாச்சு, யாரும் கேக்கப்போறதில்ல. இந்த மாசம் உங்க பேப்பர் வேற மேடம் டேபிள்ல இருக்கு."

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசவில்லை. அவளுக்காகத்தான் சொன்னார். அதனால் கோபப்படவும் வழியில்லை.

எது அவளைச் சொல்லத் தூண்டியது? "மனசாட்சி உறுத்தியது" என்று எழுதினேன், மலிவாக இருந்தது. "உண்மையின்மேல் அவளுக்கிருந்த" [வேண்டாம்.] கடைசியில் என் அண்ணனே வந்து கைகொடுத்தான். பெயர் மாறியதை உறுதி செய்துகொள்ள அவள் ஒன்பதாவது ஆளின் கோப்பைத் திறந்தாள். நோய்க் குறிப்பில் "வலது கை" என்று இருந்தது, சரி. மூடப் போனவள் படிவத்தின் ஓரத்தில் இருந்த பேனா எழுத்தைப் பார்த்தாள்: "படம் எடுத்தால் வீட்டுக்கும் ஒன்று அனுப்பவும்." அதற்குக் கீழே, "அனுப்பப்பட்டது", தேதி.

கட்டுரையில் இருக்கிற பிழையை அடுத்த கட்டுரையில் சரிசெய்துகொள்ளலாம். ஒரு வீட்டில் இருக்கிற பிழையை யார் போய்ச் சரிசெய்வார்கள்? அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு எந்தக் கை நடுங்கியது என்று தெரியும். அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு என்ன நினைப்பார்கள்?

அவள் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மேடம், ஒன்பதாவது ஆள் விதிவிலக்கு இல்ல. அவரும் எல்லாரையும் மாதிரிதான். நான் எழுதினதுதான் சரியில்ல."

குறிப்பேட்டை மேசையில் விரித்து வைத்தாள். பேராசிரியர் அந்த வரியைப் படித்தார். படத்தைப் பார்த்தார். நடுவில் இருந்த இடைவெளியை விரலால் அளந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி,

7

என்னால் இதற்குமேல் போக முடியவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) பேராசிரியர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். "கூட்டத்துல மானம் போயிருக்கும், காப்பாத்திட்டீங்க." வேலை புதுப்பிக்கப்படுகிறது, பெயர் பொடி எழுத்திலிருந்து பெரிய எழுத்துக்கு ஏறுகிறது. இதை எழுதி முடித்ததும் எனக்கே சர்க்கரை ஏறிவிட்டது.

(ஆ) பேராசிரியர், "நன்றி, நீங்க போகலாம்" என்கிறார். மாதக் கடைசியில் அந்தத் தாளில் கையெழுத்து விழவில்லை. யாரும் திட்டவில்லை, யாரும் காரணம் சொல்லவில்லை. புள்ளியார் வாசல்வரை வந்து நிற்கிறார்.

(இ) இரண்டும் இல்லை. பேராசிரியர் பேச்சை மாற்றுகிறார், அவளையும் வைத்துக்கொள்கிறார், ஆனால் அதற்குப் பிறகு அவளை அக்கா என்று கூப்பிடுவதில்லை.

(அ)வைத்தான் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். ஆனால் கடித உறை இடிக்கிறது. முதல் கடிதத்தின் உறையில் ஆய்வுக்கூடத்தின் சின்னம் இருந்தது. தபால் முத்திரையை இயந்திரம் அடித்திருந்தது. இரண்டாவது உறையில் நாக்கால் நனைத்து ஒட்டிய தபால்தலைகள். சின்னம் போட்ட தாள் ஏன் கிடைக்கவில்லை? அலுவலகத் தபாலில் ஏன் போடவில்லை? இதை நினைக்கும்போதெல்லாம் (ஆ) எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் முதல் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தவர், யார் வேண்டும் என்றார். குறிப்பேட்டில் எழுதுகிறவர் என்றேன். "இங்க எல்லாருமே குறிப்பேட்டுலதான்மா எழுதுவாங்க, பேர் சொல்லுங்க" என்றார். சீவல் அக்கா என்று வாய்வரை வந்தது. அது நான் வைத்த பெயர் அல்லவா? வைத்துவிட்டேன், போனை. துருவித் துருவிக் கேட்டு, உள்ளே யாருக்கும் தெரியாத ஒன்றை நானே போட்டுக்கொடுத்துவிட்டால்? அந்தப் பயமும் இருந்தது.

8

இரண்டாவது கடிதம் வந்த அன்று என்ன நடந்தது என்று நான் இன்னும் சொல்லவில்லை. இது கற்பனை இல்லை என்பதால் எழுதத் தயக்கம்.

அண்ணி போன் பண்ணி வரச் சொன்னாள். போனேன். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை எழுத்துத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். பெட்டி மாறவில்லை. அவன்தான். இத்தனை நாளும் கடிகாரத்துக்குக் கீழே இருந்தது என் அண்ணன்தான். எனக்கு அப்போது வந்த நன்றியை எப்படிச் சொல்வது? செத்துப்போனவனை ஒருத்தர் இரண்டாம் தடவை உயிரோடு கொண்டுவந்து வீட்டில் விட்டுப் போன மாதிரி இருந்தது.

அப்புறம்தான் வெட்கம் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தன் தப்பை எழுதித் தபாலில் போட்டிருக்கிறார். நான் பத்து நிமிட நடையில் இருந்துகொண்டு ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அண்ணி, எனக்கு முதல் நாளே தெரியும். கை மாறியிருக்குன்னு. வேற யாரோடதோ வந்துடுச்சுன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கும்தான் தெரியும்," என்றாள். "ஒன்பது வருஷம் அந்தக் கைக்குப் பட்டன் போட்டவ நான். எந்தக் கைன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் மாட்டினீங்க?"

"நீ கையெழுத்துப் போட்டவ. சொன்னா நொந்துபோவேன்னு பேசாம இருந்தேன்." கொஞ்ச நேரம் சட்டத்தையே பார்த்தாள். "வேற யாரோன்னுதான் நானும் நினைச்சேன். யாரா இருந்தா என்ன, நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்க. அப்ப இவர் அவங்க வீட்ல இருப்பார். நாம இவங்களை மரியாதையா வச்சுக்கிட்டா, அவங்க அவரை மரியாதையா வச்சுக்குவாங்கன்னு தோணுச்சு. தினம் தொடச்சேன்."

ஏழு மாதம் என் அண்ணி யாரென்றே தெரியாத ஒருவரின் மூளையைத் தினமும் காலையில் துணியால் துடைத்திருக்கிறாள். நான் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் காபி குடித்துப் போயிருக்கிறேன். கதை எழுதுகிற கை என்னுடையது. கதைக்கு வேண்டிய மனசு அவளிடம் இருக்கிறது.

அவள் எழுந்து சட்டத்தைக் கழற்றி, புதுப் படத்தை மாற்றி, மறுபடியும் மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

9

இத்தனை நேரம் பொதுவாக எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். இனி ஒரே ஒரு வாசகரிடம் பேச வேண்டியிருக்கிறது.

குறிப்பேட்டில் எழுதியவரே, இது என்றைக்காவது உங்கள் கண்ணில் படும் என்ற நம்பிக்கையில்தான் எழுதினேன். உங்களை அவள் இவள் என்று எழுதிவிட்டேன். கதைக்குள் வந்தவர்களை அப்படிக் கூப்பிடுவது எங்கள் தொழிலின் திமிர். நீங்கள் ஆணாக இருக்கலாம், இருபத்தெட்டு வயதாக இருக்கலாம், காபியே குடிக்காதவராக இருக்கலாம். கட்டைவிரல் மட்டும் உண்மை என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு நன்றி. என் அண்ணனைச் சுருக்கமில்லாமல் ஒட்டியதற்கு. தப்பாகச் சொன்னதைத் தப்பு என்று சொன்னதற்கு. படித்தவர் மேல் தவறில்லை என்று ஒரு வரி சேர்த்தீர்களே, அதற்குத் தனியாக. அந்த ஒரு கடிதத்தால்தான் நானும் அண்ணியும் ஒருவருக்கொருவர் ஏழு மாதம் மறைத்ததை அரை மணி நேரத்தில் பேசி முடித்தோம். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பக்கம்.

ஆனால் முடிவை நான் எழுத முடியாது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிய இடத்தில் வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதற்கு மேல் என்ன நடந்தது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் நீங்கள். (அ), (ஆ), (இ) மூன்றையும் அடித்துவிட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நல்லபடியாக நடந்திருந்தால் எங்களுக்குச் சொல்லக்கூட வேண்டாம், உங்கள் வேலையைப் பாருங்கள்.

நல்லபடியாக நடக்கவில்லை என்றால் மட்டும் ஒரு வரி போடுங்கள். விலாசம் உங்களிடம் இருக்கிறது. அண்ணி உங்களை வந்து பார்க்க வேண்டுமாம். என்னைக் கூட வர வேண்டாம் என்கிறாள். எழுதுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் மனிதர்கள் நிம்மதியாகப் பேச முடியாதாம். பஸ் நேரமெல்லாம் விசாரித்து வைத்துவிட்டாள்.